ஒப்பந்தம் போட்ட மறுநாள் யார் இருப்பார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு நாட்டு அமைச்சர்கள் தோல் உறை போட்ட ஒப்பந்தக் கோப்பை மாற்றிக்கொண்டு கைகுலுக்கும் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். அந்தக் கோப்பு நாளைக்கு எந்த மேசைக்குப் போகும்? அதை வரிவரியாகப் படிக்கப்போவது யார்?

சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பல சிறிய நாடுகளின் ஷிப்மென்ட் எங்கள் கை வழியாகப் போயிருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் ஆரிஜின் சான்றிதழ், இவற்றுக்கு நடுவில்தான் என் காலம் போனது. நாட்டின் வியாபார நலனுக்காக மற்ற நாடுகளோடு பேசுவதைப் பொருளாதார ராஜதந்திரம் என்கிறார்கள்; அந்தப் பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தமும் அந்தக் காகிதங்களிலிருந்து வந்ததுதான்.

சிறிய நாடு ஒன்றுக்கு விற்க இரண்டு மூன்று பொருள்தான் இருக்கும். வாங்குகிற சந்தையும் இரண்டு மூன்றுதான். அந்தச் சந்தையில் ஒரு விதி மாறினால் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது சந்தேகமாகிவிடும். பெரிய நாடுகளுக்கு வெளியுறவு என்றால் செல்வாக்கு, பாதுகாப்பு என்று பல இருக்கலாம். சிறிய நாட்டுக்கு அது முதலில் வயிற்றுப்பாடு.

1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு போட்ட ரப்பர்-அரிசி ஒப்பந்தத்தை உங்கள் மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கொரியப் போர்க் காலம் அது. இலங்கை வாங்க வேண்டிய அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, விற்க வேண்டிய ரப்பர் விலை இறங்கிக்கொண்டே வந்தது. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை இருந்தது; இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் ஆகியிருக்கவில்லை. சீனாவோடு தூதரக உறவு ஏற்பட்டதே 1957-இல்தான். தூதரகமே இல்லாத இடத்துக்கு வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க போய்ப் பேசி, ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வாங்குவது, 50,000 டன் ரப்பர் விற்பது, ஐந்து ஆண்டுகளுக்கு என்று முடித்துக்கொண்டு வந்தார். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலையும் கிடைத்தது. அமெரிக்கா தன் உதவியை நிறுத்தி வைத்தது. அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது. போனவர்களுக்குத் தங்கள் நாட்டுக்கு எவ்வளவு அரிசி குறைகிறது, எவ்வளவு ரப்பர் கையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி நான் நேரில் பார்த்தது.

மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் ஆயுதங்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சுங்கவரியை நீக்கியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சட்டை தைத்து அனுப்புகிற நாட்டுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கவில்லை. துணியும் அந்த நாட்டிலேயே நெய்ததாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நெசவாலையே இல்லாத நாடு துணிக்கு எங்கே போகும்? வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்தால் 12 சதவீத வரி. 2011 ஜனவரியில் அந்த விதி தளர்ந்தது. தைப்பது மட்டும் அங்கே நடந்தால் போதும் என்று ஆனது. ஒரே ஒரு விதி! கம்போடியா போன்ற நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆடைகள் அதற்கப்புறம் வேகமாகக் கூடின. எந்த மாநாட்டு மேடையும் இதைப் போல இத்தனை தையல் இயந்திரங்களை ஓட வைத்திருக்காது.

அடுத்த ஆண்டு, 2012-இல், எங்களிடம் ஒரு கன்டெய்னர் வந்தது. ஆண்கள் சட்டை. நாட்டின் பெயர் வேண்டாம். அப்போது ஆரிஜின் சான்றிதழுக்கு 'ஃபார்ம் ஏ' என்று ஒரு தாள் உண்டு, பச்சை நிறத்தில் நெளிநெளியாகக் கோடு ஓடும். எட்டாவது கட்டத்தில், சரக்கு எந்த விதிப்படி அந்த நாட்டுப் பொருளாகிறது என்று காட்டும் எழுத்தும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று நான் எப்போதும் விரலை வைத்துப் பார்ப்பேன். சரியாகத்தான் இருந்தது. பதினோராவது கட்டத்தில் அரசு அலுவலக முத்திரை, பளிச்சென்று புதிதாக இருந்தது. எனக்கும் அது நல்ல அடையாளமாகத்தான் பட்டது.

கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்கியது. அங்கேயுள்ள சுங்கத்துறை சான்றிதழை ஏற்கவில்லை. முத்திரையை மாற்றிய அலுவலகம், புதிய முத்திரையின் மாதிரிப் பதிவை ஐரோப்பாவுக்கு அனுப்பவே இல்லை. அவர்களிடம் இருந்தது பழைய முத்திரை. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பதினோரு நாள் நான் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்டின் தூதரகத்தில் வணிகப் பிரிவு என்று ஓர் எண் இருந்தது. மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். வணிக அதிகாரியின் பதவி பல மாதமாகக் காலி என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஒரு பெரிய தூதுக்குழுவின் வருகைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலீட்டை ஈர்க்க வந்த குழு அது. கடைசியில் வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் ஒருத்தி என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டாள். முத்திரைப் பதிவைத் தருவித்து, தானே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளுடைய வேலையே இல்லை அது. ஆனால் அதற்குள் சட்டையை வாங்கிய பையர் 12 சதவீதத்தைக் கட்டிச் சரக்கை எடுத்துவிட்டார், அந்தத் தொகையைத் தொழிற்சாலைக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டார். அடுத்த ஆர்டரையும் வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற விதி, ஒரு ரப்பர் முத்திரையில் போய்விட்டது. அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "எத்தனை பேரை நிறுத்தச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக நடந்ததையும் சொல்ல வேண்டும். பசிபிக் கடலில் நவ்ரு, துவாலு, கிரிபாட்டி என்று தீவு நாடுகள் இருக்கின்றன. துவாலுவின் மக்கள்தொகை சுமார் 11,000. நிலம் கையளவு, கடல் கண்ணுக்கு எட்டாத அளவு. அந்தக் கடலில் சூரை மீன் கொழிக்கிறது. தூரத்து நாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு தீவோடும் தனித்தனியாகப் பேரம் பேசும். ஒருவர் அதிகம் கேட்டால் அடுத்த தீவுக்குப் போய்விடும். மீனின் மதிப்பில் மிகச் சிறு பங்கே தீவுகளுக்குக் கிடைத்தது. 1982-இல் தீவு நாடுகள் சேர்ந்து நவ்ரு ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். இப்போது எட்டு நாடுகள் அதில் இருக்கின்றன. படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அதுவும் காகிதமாகவே இருந்திருக்கும். அவர்கள் விடாமல் உட்கார்ந்து பேசினார்கள். 2007 வாக்கில் மீன்பிடிப்பை நாள் கணக்கில் விற்கும் முறைக்கு வந்தார்கள். ஆண்டுக்கு மொத்தம் இத்தனை மீன்பிடி நாள், அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை இவ்வளவு. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. குறைந்தபட்ச விலை பிறகு 8,000 டாலர் வரை ஏறியது. கப்பல்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணித்தார்கள், பெரிய வலைக் கப்பல்களில் பார்வையாளரை ஏற்றினார்கள். எண்ண முடியாததை விற்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். 2010-இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 50 கோடி டாலர் அளவுக்கு வந்தது. அதே கடல், அதே மீன்.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எட்டு நாடுகள் சேர்ந்து "இதற்குக் கீழே இல்லை" என்று சொல்லி, சொன்னபடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது வியாபாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பணமுடை வந்த நாடு ஒன்று ரகசியமாக விலையைக் குறைத்திருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும்.

மொரீஷியஸையும் விட்டுவிட முடியாது. 1975-இல் ஐரோப்பாவோடு ஏற்பட்ட சர்க்கரை உடன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன்னுக்கு உறுதியான விலை வாங்கியது. அந்த விலை பல ஆண்டுகள் உலகச் சந்தை விலையைவிட மேலேதான் இருந்தது. சர்க்கரைப் பணத்தில் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனது. 2009-இல் அந்த உடன்பாடு முடிந்தபோது நாடு ஒரே பயிரை நம்பி இருக்கவில்லை. சலுகை என்பது ஒருநாள் போய்விடும் என்பதற்குத் தயாராக இருந்தார்கள்.

அது போய்விடும் என்பதும் உண்மைதான். கம்போடியாவுக்குக் கொடுத்த சலுகையில் ஒரு பகுதியை மனித உரிமைக் காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆகஸ்டில் திரும்ப எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டு ஜெயிப்பதும் எப்போதும் கை கொடுக்காது. ஆன்டிகுவா-பார்புடா என்ற குட்டி நாடு இணையச் சூதாட்டம் தொடர்பாக அமெரிக்கா மேல் உலக வர்த்தக அமைப்பில் 2003-இல் வழக்குப் போட்டு வென்றது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007-இல் தீர்ப்பும் வந்தது. அவ்வளவு பெரிய நாட்டின் மேல் அந்தச் சின்ன நாடு என்ன நடவடிக்கை எடுத்து வலிக்க வைக்க முடியும்? ஆனாலும் வழக்காடத் தெரிந்திருக்க வேண்டும். ஏழை நாடுகளுக்கு வர்த்தகச் சட்ட உதவி தரவே 2001-இல் ஜெனீவாவில் ஓர் ஆலோசனை மையம் தொடங்கினார்கள். அந்தக் கதவைத் தட்ட ஊரிலிருந்து ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், சிறிய நாடுகள் செலவழிக்கிற கொஞ்சப் பணத்தை ஆள் மேல் செலவழிக்கட்டும். ஐம்பது தலைநகரங்களில் தூதரகம் திறப்பதைவிட, சரக்கு போகிற நான்கு ஊர்களில் சுங்கவரிக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடு படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். அவரை மூன்று ஆண்டில் மாற்றிவிடாதீர்கள். தொழில் பிடிபடவே இரண்டு ஆண்டு ஆகும், நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். வெளியுறவும் வர்த்தகமும் தனித்தனி அமைச்சகங்களாக ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்தலாம். மொரீஷியஸ் இரண்டையும் ஒரே அமைச்சகத்தில் வைத்திருந்தது. 2023-இல் பூடான் வெளியேறியது போல, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறுகிற நாடுகளுக்கு இது இன்னும் அவசரம். பட்டியலை விட்டு வெளியே வரும்போது வரிச் சலுகைகளும் படிப்படியாகக் கழன்றுவிடும். அதற்கு மாற்றுப் பேச்சை வெளியேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கைகுலுக்கும் படம் போடும்போது, எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீத வரி எந்தத் தேதியிலிருந்து குறைகிறது என்று அதன் கீழே இரண்டு வரி கேட்டுப் போடுங்கள். ஓராண்டு கழித்து அந்தச் சலுகையில் எத்தனை கன்டெய்னர் போனது என்றும் உங்கள் நிருபர் ஒருவர் போய்க் கேட்கட்டும். வணிகப் பிரிவின் தொலைபேசி எண்ணுக்கும் ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஆவணப் பணியாளர்