பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

நம் குடியிருப்பு மக்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய மலாய்ப் பித்தளைப் பாத்திரங்கள் எடைக்குப் போய் அழியாமல் காக்க உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு மலாய்ப் பாட்டி காலமானார். அவர் வீட்டுப் பித்தளைச் சாமான்கள் கிலோக் கணக்கில் எடைக்குப் போயின. தகவல் அறிந்து நாங்கள் ஓடியபோது மிஞ்சியிருந்தது ஒரு வெற்றிலைப் பெட்டி மட்டுமே. மலாயில் அதைத் தெப்பாக் சீரே என்பார்கள். வெற்றிலை அடுக்க ஓர் அறை. சுண்ணாம்பு, பாக்கு, கம்பீர் எனும் துவர்ப்புப் பொருள், புகையிலை வைக்க, செம்புல் எனப்படும் நான்கு சிறு மூடிக் கிண்ணங்கள். அவற்றில் ஒன்றுக்கு மூடி இல்லை. அந்தப் பெட்டியை நடுவில் வைத்துத்தான் மலாய், தமிழ், சீனக் குடும்பங்கள் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினோம்.

இப்படிப்பட்ட பாத்திரங்களில் நம் எல்லோருடைய பாட்டன்மாரும் இருக்கிறார்கள். மலாய்த் திருமணத்தில் பன்னீர் தெளிக்கும் பெரெஞ்சிஸ், நம் கல்யாண வாசலில் நிற்கும் பன்னீர்ச் செம்பின் உடன்பிறப்பு. பாரசீகத்திலும் முகலாய இந்தியாவிலும் புழங்கிய வடிவம் அது. மூக்கு வைத்த நீர்ப் பாத்திரத்தை நம்மைப் போலவே மலாய்க்காரரும் கெண்டி என்றுதான் சொல்கிறார்கள், வடமொழிக் குண்டிகையிலிருந்து வந்த சொல். புருணையில் வார்த்த பழைய பித்தளைக் கெட்டில்களில் சீன டிராகன் நெளிகிறது. இத்தனையையும் வாங்கிக்கொண்ட மலாய்க் கைவினைஞர், அவற்றின் மேல் தமக்கே உரிய கொடியையும் பூவையும் படரவிட்டார்.

மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலமான திரெங்கானுவில் பித்தளை வார்க்கும் முறை, சுவாமிமலைச் சிலை வார்ப்பை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. தேன்மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்தால்தான் பாத்திரம் வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரே பாத்திரம். எடைக்குப் போட்டு உருக்கிவிட்டால் அதே பாத்திரம் மறுபடி கிடைக்காது.

சமூக மண்டபத்தின் முன்னறையில் பூட்டுள்ள கண்ணாடி அலமாரி ஒன்று வைக்க விரும்புகிறோம். விற்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குக் கடைக்காரர் தரும் விலைக்கு மேல் கொடுத்து வாங்கவும் பணம் வேண்டும். திரெங்கானுவிலிருந்து வார்ப்புக் கலைஞர் ஒருவரை அழைத்து, நம் பிள்ளைகள் முன் ஒரு செம்புல் மூடி வார்க்கச் செய்வதும் எங்கள் ஆசை. பாத்திரங்களைப் பளபளப்பாக்க ஒரு காசும் செலவிட மாட்டோம். அழுத்தித் தேய்த்தே பல பாத்திரங்களின் பூவேலை மழுங்கிப்போயிருக்கிறது.

பத்து ரிங்கிட்டும் பெரிய உதவியே. ஞாயிறு மாலைகளில் மண்டபத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டுவோம். பணம் தர இயலாதவர்கள், தங்கள் வீட்டுப் பாத்திரத்தை ஒரு மணி நேரம் கொண்டுவந்தால் படமெடுத்து, எடையும் அளவும் குறித்து, அது யார் வழி வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அன்றே திருப்பித் தந்துவிடுவோம். மூடி மட்டும் தனியாகக் கிடந்தாலும் எடுத்து வாருங்கள்.