ஊபர் ஓட்டிய எம்.பி.க்கு

அன்புள்ள மேக்ஸ்வெல் ஃப்ராஸ்ட்,

வயதைப் பார்த்தால் தம்பி என்றுதான் கூப்பிட வருகிறது, ஆனால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், எங்கள் ஊர்க் கணக்கில் எம்.பி., அதனால் நீங்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

2022 டிசம்பரில் வாஷிங்டனில் உங்களுக்கு வீடு கிடைக்காமல் போன கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தேர்தலில் ஜெயித்தாயிற்று, ஜனவரியில் பதவியேற்றால் வருடத்துக்கு 1,74,000 டாலர் சம்பளம், அதற்குள் தங்க ஒரு இடம் வேண்டுமே என்று விண்ணப்பிக்கிறீர்கள், என் கிரெடிட், அதாவது கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண், ரொம்ப மோசம் என்று முன்கூட்டியே சொல்லியும்விடுகிறீர்கள், பரவாயில்லை என்கிறார் வாடகை விஷயத்தைப் பார்க்கும் ஆள், அப்புறம் பார்த்தால் வீடும் இல்லை, கட்டிய விண்ணப்பக் கட்டணமும் போச்சு.

கிரெடிட் கெட்டது ஊதாரித்தனத்தால் அல்ல. முழுநேர வேலையை விட்டுவிட்டுப் பிரச்சாரத்தில் இறங்கினீர்கள், செலவைச் சமாளிக்க ஊபர் ஓட்டினீர்கள், அதுவும் போதாமல் கடன் ஏறியது. கியூபாவிலிருந்து அகதியாக வந்து சிறப்புக் கல்வி ஆசிரியையான அம்மா, இசைக்கலைஞரான அப்பா, இவர்கள் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. பின்னால் சொத்து எதுவும் இல்லை. ஆனால் செய்த களப்பணி இருந்தது: 2012 சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 15 வயதிலேயே தெருவில் இறங்கியவர், தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்த ஃப்ளோரிடா மாநில அரசியலமைப்பின் 2018 நான்காவது திருத்தத்துக்காக உழைத்தவர். அந்த மாநிலத்தின் ஆர்லாண்டோவில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், சபையின் முன்னாள் உறுப்பினர்கள் இரண்டு பேரைத் தாண்டி நீங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அதுவும் ஒரு காரணம்தான், ஏனென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம் பேங்க்மேன்-ஃப்ரைட் பணம் போட்ட அரசியல் குழு உங்களுக்கு ஆதரவாக ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவழித்தது. பின்னால் மோசடி வழக்கில் 25 வருடச் சிறைத் தண்டனை பெற்ற அதே கிரிப்டோ நாணயச் சந்தை ஆசாமி. உழைக்கும் வர்க்கத்துப் பையன் என்று உங்களைக் கொண்டாடுகிறவர்கள் இதை மெல்ல முழுங்கிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அப்படிப்பட்ட குழுவின் பணம் வேட்பாளர் கைக்கே வரக் கூடாது என்பது சட்டம். விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டலாம், அதே வேட்பாளரின் வீட்டு வாடகைக்கு ஒரு டாலர் தர முடியாது.

2024 மார்ச் முதல் தேர்தல் ஆணையம் விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது, வேட்பாளர் தன் பிரச்சார நிதியிலிருந்தே முன்னைவிட அதிக காலத்துக்குச் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதான், அந்த நிதியைத் திரட்டத் தெரிந்தவர்களுக்கு. நவம்பரில் ஜெயித்து ஜனவரி வரை சம்பளமில்லாமல் நிற்கும் புதிய உறுப்பினருக்கு இது எந்த அளவுக்கு உதவும்? அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு முன்பணமாவது கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சபையில் இதை அனுபவித்துப் பேசக்கூடியவர்கள் உங்களைப் போல் சிலர்தான்.

அன்புடன்,
தூரத்திலிருந்து கவனிக்கும் ஒருவன்