செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: செவிலியர் சங்கம், மாவட்டக் கிளை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மே 12 உலகச் செவிலியர் தினத்தில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம். இரத்ததான முகாம் ஒன்று நடத்தினோம். பணி ஓய்வு பெற்ற மூன்று சகோதரிகளுக்குப் பொன்னாடை போர்த்தினோம். செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இந்த ஆண்டு என் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது உயர்கல்வி உதவித்தொகை வேலைதான். விண்ணப்பிக்கும் உறுப்பினர்களுக்குச் சங்கம் துணை நிற்கும் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். "சம்பளத்தையும் பணி நிரந்தரத்தையும் கேட்பதை விட்டுவிட்டு இது எதற்கு?" என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளை நாம் விடவில்லை. ஆனால் நம்மில் பலர் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தவர்கள். டிப்ளமோ படித்த ஒருவர் எம்.எஸ்ஸி. நர்சிங் வரை போக வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு ஆண்டு, அதன்மேல் எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டு சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க எந்த வீட்டில் வசதி இருக்கிறது? பணம் இல்லாத ஒரே காரணத்துக்காகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வார்டிலேயே நின்றுவிடுவதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதைக் கையில் எடுத்தேன்.

நாங்கள் மூன்று வழிகளைப் பார்த்தோம். ஒன்று, பிரிட்டனில் முதுகலை படிக்க பிரிட்டிஷ் அரசு தரும் செவ்னிங் உதவித்தொகை. இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள், அதை 2,800 மணி நேரமாகக் கணக்கிடுவார்கள். வாரம் 48 மணி நேர டூட்டி பார்ப்பவர் அறுபது வாரத்துக்குள் அதைத் தாண்டிவிடுவார். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டாவது இங்கே இருக்க வேண்டும். இரண்டாவது, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் போன்றோருக்கானது. வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கலாம், கட்டணம் அவர்களுடையது. லீவே கிடைக்காத நம்மவர்களுக்கு இதுதான் சரியாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

இவற்றுக்கு விண்ணப்பிக்க உதவ ஞாயிறுகளில் வகுப்பு வைத்தோம். பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் ஞாயிறு வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான்கு பேர். வாட்ஸ்அப் குழுவில் கடைசித் தேதியை ஐந்து முறை போட்டேன். எல்லோரும் பார்த்ததற்கான நீல டிக் இருக்கிறது, பதில் இரண்டே பேரிடமிருந்து வந்தது. டூட்டி மாற்றம், பிள்ளைகளின் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் எனக்கும் தெரியும், எனக்கும் அதே டூட்டிதான். வர முடியாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருப்பேன்.

வந்தவர்களின் முதல் சிக்கல் இனிஷியல். டென்த் மார்க்‌ஷீட்டில் ஓர் எழுத்து இனிஷியல், நர்சிங் கவுன்சில் பதிவில் கணவர் பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், நமக்கு அப்படி ஒன்றே கிடையாது. ஒரு சகோதரிக்கு நான்கு சான்றிதழில் நான்கு விதமாகப் பெயர் இருந்தது. நோட்டரி அபிடவிட், கெசட் பெயர் மாற்றம் என்று இரண்டு மாதம் அதிலேயே போனது. இன்னொரு விஷயம்: அரசுப் பணியில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டுக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகத்துக்கு முன்தகவல் கடிதம் கொடுத்துவிட்டு அதன் நகலோடு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் ஒரு வருடத்தை இழந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அடுத்தது விண்ணப்பத்தில் தங்களைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் ஒரு சகோதரி, தன் அனுபவத்தை இரண்டு வரியில் எழுதிக் கொண்டுவந்தார். "மேலதிகாரிகளின் உத்தரவுப்படி பணிகளைச் செவ்வனே செய்து வருகிறேன்." லீவ் லெட்டர் நடை. நான் பேனாவை எடுக்கவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். எடை குறைந்த குழந்தையை யார் மார்பில் வைக்கிறார்கள், எவ்வளவு நேரம்? அம்மாக்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள், முதுகு வலிக்கும், பெஞ்சில் சாய இடமில்லை என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: வீட்டிலிருந்து கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கொண்டுவந்து, பழைய தலையணையைச் சேலையால் முதுகுப் பக்கம் கட்டிவிட்டாராம். பாட்டிகளையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தாராம். அதன்பின் அம்மாக்கள் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் இருந்தார்களாம். எடை குறைந்த குழந்தையை மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் இந்தக் கங்காரு பராமரிப்பை ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு ஒரு வழியை இந்தச் சகோதரி தன் கைக்காசில் கண்டுபிடித்திருக்கிறார், அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. "இதெல்லாம் எழுதலாமா சிஸ்டர்?" என்றார். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு முழுக் கட்டுரையையும் அவரே எழுதி முடித்தார்.

முடிவைச் சொல்கிறேன். ஐந்து பேர் விண்ணப்பத்தை நிறைவு செய்தார்கள். ஒருவருக்கு நேர்முகத் தேர்வு வரை அழைப்பு வந்தது, கிடைக்கவில்லை. ஒருவருக்குத் தொலைநிலை உதவித்தொகை கிடைத்திருக்கிறது. நாற்காலி கொண்டுவந்த அதே சகோதரிதான். இன்னொரு விண்ணப்பம் கைநழுவியது தகுதிக் குறைவால் அல்ல, ஒரு கையெழுத்தால். பரிந்துரைக் கடிதம் ஓர் அலுவலக மேசையில் ஐந்து வாரம் கிடந்தது. நான் நான்கு முறை நேரில் போனேன். கடைசித் தேதிக்கு மறுநாள் கையெழுத்தாகி வந்தது. அந்தச் சகோதரிக்கு வயது 35, அவர் விண்ணப்பித்த திட்டத்தில் இனி அவருக்கு இடமில்லை. இதை இந்த அறிக்கையில் பதிவு செய்யாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தணிக்கை செய்து மேசையில் வைத்திருக்கிறார். இருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. உதவித்தொகை வேலைக்கான ஜெராக்ஸ், நோட்டரி, கூரியர் செலவு கூடுதல். ஆனால் குறைவுக்கு முக்கியக் காரணம் சந்தா. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இன்னும் கட்டவில்லை, மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை.

வகுப்புக்கு அறை கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுத்த ஓய்வு பெற்ற பேராசிரியருக்கும், தலைவர், பொருளாளருக்கும், டூட்டியை மாற்றிக்கொடுத்து உதவிய ஹெட் சிஸ்டர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதை நான் ஒருத்தியே செய்ய முடியாது. என் மகள் பிளஸ் டூ போகிறாள், அவளுடைய லேப்டாப்பில்தான் இதுவரை எல்லா விண்ணப்பமும் போனது. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பழைய லேப்டாப், ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க மூன்று பேர், இவ்வளவுதான் கேட்கிறேன். பாக்கிச் சந்தா வந்தாலே லேப்டாப் வந்துவிடும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். செவ்னிங் ஆகஸ்டில் திறக்கும். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் மாலை 4 மணிக்கு நான் அதே பள்ளி அறையில் இருப்பேன். டென்த் மார்க்‌ஷீட்டையும் கவுன்சில் பதிவையும் அசலோடு கொண்டுவாருங்கள், முதலில் பெயரைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்