கறுப்பு மையில் எழுதியது உனக்கு மட்டும்

லாரன்ஸ்வில், ஜார்ஜியா
10 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் இருவரும் நலம். மகன் கல்லூரி விடுதியில் நலமாக இருக்கிறான். பணம் வேண்டும்போது மட்டும் பேசுகிறான், அதனால் நலம் என்று தெரிகிறது.

முதலில் ஓர் ஏற்பாடு. நீல மையில் எழுதியிருக்கும் தாள்களை அம்மாவுக்கும் அத்தானுக்கும் வாசித்துக் காட்டு. கறுப்பு மையில் இருப்பவை உனக்கு மட்டும். போனில் பேசியிருக்கலாமே என்பாய். நான் கூப்பிட்டவுடன் அம்மா "ஸ்பீக்கரில் போடு" என்பாள். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நாம் இருவரும் தனியாகப் பேசியது எத்தனை தடவை என்று நீயே எண்ணிப் பார். அதனால்தான் தபால்.

இனி அம்மாவுக்கு.

அம்மா, போன செவ்வாய்க்கிழமை இங்கே தேர்தல். இவரும் நானும் ஓட்டுச்சாவடியில் வேலை பார்த்தோம். நம் ஊரில் ஆசிரியர்களைப் பிடித்து அனுப்புகிற மாதிரி இல்லை. குடிமகனாக இருந்து, மனுப் போட்டு, பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தால் யாரும் செய்யலாம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து புறப்பட்டோம். இரண்டு நாள் முன்புதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருந்தார்கள், அதனால் உடம்பு தூக்கத்திலேயே நடந்தது. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஓட்டு. ஏழு அடிக்கும்போது வரிசையில் நிற்பவர் எத்தனை பேரானாலும் அத்தனை பேரும் போட்டுவிட்டுத்தான் போகலாம்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் என்றால், இங்கே பல இடங்களில் தேவாலயம்தான் ஓட்டுச்சாவடி. எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் ஞாயிறு மதியம் தமிழ் ஆராதனைக்கு வாடகைக்கு எடுக்கும் அதே கூடம். அது கறுப்பின மக்களின் பாப்திஸ்து சபை. சுவரில் சிலுவை, அதன் கீழே பத்து ஓட்டு இயந்திரம். செவ்வாய்க்கிழமை ஏன் என்று இவரிடம் கேட்டேன். 1845இல் போட்ட சட்டமாம். அந்தக் காலத்து விவசாயி ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு, திங்கள் வண்டி கட்டி, செவ்வாய் ஓட்டுப் போட்டு, புதன் சந்தைக்குத் திரும்பவேண்டும். சந்தையும் வண்டியும் போய்விட்டன, செவ்வாய் மட்டும் நிற்கிறது. நாடு முழுவதற்குமான விடுமுறையும் இல்லை.

விரலில் மை வைப்பதில்லை, அம்மா. திரையில் தொட்டால் தாளில் அச்சாகி வரும். அந்தத் தாளை நாமே கொண்டுபோய் ஸ்கேனரில் விடவேண்டும். நான் நின்றது அந்த ஸ்கேனர் பக்கம். முடித்துப் போகிறவர்களுக்குப் பீச் பழம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று கொடுப்பேன். பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழந்தை மாதிரி சட்டையில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்.

முதல் ஆளாக வந்தவர் அந்தச் சபையின் மூத்த அம்மா ஒருவர். எண்பதைத் தாண்டியவர். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் தொப்பியைச் செவ்வாய்க்கிழமையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அப்பா தெற்கு ஜார்ஜியாவில் குத்தகை விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர். 1958இல் இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: படிக்காதவர் வாக்காளராகப் பதியவேண்டுமானால் அரசியலமைப்பைப் பற்றி முப்பது கேள்வியில் இருபதுக்குச் சரியாகப் பதில் சொல்லவேண்டும். நீதிபதி யார், ஆளுநர் இறந்தால் அடுத்து யார் என்ற மாதிரி. கேட்கிறவனுக்கே பாதி தெரியாது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவர் அப்பா பதிவு செய்தாராம். நாங்கள் குடியுரிமை வாங்கும்போது பத்துக் கேள்வி கேட்டார்கள், ஆறு சொன்னால் போதும். நான் பத்தும் சொல்லவில்லை என்பதை அத்தானிடம் சொல்லவேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. 2021இல் வந்த சட்டப்படி, ஓட்டுச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு யாரும் தண்ணீரோ தின்பண்டமோ கொடுக்கக்கூடாது. கொடுத்தால் குற்றம். 'தாகமாயிருந்தேன்' என்ற வசனத்தைப் பிரசங்கிக்கிற கோயிலின் வாசலில் இப்படி. ஆனால் தேர்தல் பணியாளர்கள் தண்ணீரை ஓர் இடத்தில் வைத்துவிடலாம், வேண்டியவர் தானே எடுத்துக்கொள்ளலாம். இவர் கேனை நிரப்பி வாசலில் வைத்துவிட்டு, அதன் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நின்றார். தானம் செய்கிறவன் இவ்வளவு பயந்து நின்று நான் பார்த்ததில்லை.

நம் தமிழ்ச் சபைக்காரர்கள் பலருக்கு இதெல்லாம் உலக காரியம். நம் குடியிருப்பு பரலோகத்தில் என்பார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் தின்கிறார்கள்: ஒரு பக்கம் கருக்கலைப்பு, மறு பக்கம் குடியேறிகள். மேடையிலிருந்து இன்னாருக்குப் போடுங்கள் என்று பாஸ்டர் சொல்லக்கூடாது. 1954இலிருந்து அப்படிச் சட்டம், மீறினால் சபைக்கு வரிவிலக்குப் போகலாம். ஆளுக்காகப் பேசக்கூடாது, காரியத்துக்காக ஓரளவு பேசலாம். இவர் பிடித்த காரியம் பஸ். எங்கள் குவின்னட் கவுண்டியில் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். வீடு துடைக்கப் போகிற பெண்ணுக்கு வேலைக்குப் போக ஒழுங்கான பஸ் இல்லை. அதற்காக ஒரு சதவீத விற்பனை வரி போடலாமா என்று இந்தத் தேர்தலிலேயே கேட்டார்கள். 1971இல் வேண்டாம் என்றது இந்த ஊர். 1990இல் வேண்டாம். 2019, 2020, வேண்டாம், வேண்டாம். இந்த முறையும் வேண்டாம். குடியுரிமை வாங்கிய பிறகு இவர் கையில் மூன்றாவது தோல்வி.

நான் யாருக்குப் போட்டேன் என்று அத்தான் கேட்பார். இரகசிய வாக்கு என்று சொல்லிவிடு.

நீல மை இத்துடன்.

அக்கா, கதவைச் சாத்திக்கொண்டு வாசி.

எங்கள் இருவருக்கும் நடுவே நாலு வருடமாக ஒன்றும் இல்லை. சண்டை இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை. கட்டில் ஒன்றுதான். நடுவில் ஒரு தலையணை. இவருடைய முதுகுவலிக்காக வைத்தது. முதுகுவலி போனது, தலையணை போகவில்லை.

நீ கேட்டிருக்கும் கதைகளில் எல்லாம் புருஷன் கேட்பான், பெண்சாதி தலைவலி என்பாள். போதகரின் மனைவியாக, ஐயரம்மாவாக, இருபத்தைந்து வருடம் எத்தனை பெண்களின் அழுகையைக் கேட்டிருப்பாய். இங்கே மாறிக் கிடக்கிறது. வேண்டும் என்பவள் நான். ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதோடு எல்லாம் அடங்கிவிடும் என்று அத்தைமார் சொன்னதை நம்பினேன். எனக்கு அடங்கவில்லை. உண்டாகிவிடுமோ என்ற பயம் போய், மகனும் வெளியே போய், வீடு நிசப்தமான பிறகு அதிகமாகத்தான் ஆனது.

இதை எழுத நமக்குச் சொல்லே இல்லை. வேதத்தில் தேடினேன். இச்சை, மோகம், எல்லாம் குற்றப்பத்திரிகையில் வருகிற சொற்கள். ஆதாம் ஏவாளை அறிந்தான் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த ஒரு சொல்தான் கறையில்லாமல் கிடைத்தது. அதை எடுத்துக்கொள்கிறேன். என்னை அறிந்த மனிதர் நாலு வருடமாக என்னை அறியவில்லை.

மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். 1998இலிருந்து ஆண்களுக்கு இதற்கென்றே மாத்திரை இருக்கிறது. தினமும் நான்தான் பொட்டலம் கட்டுகிறேன். எழுபது வயதுக்காரர்கள் வந்து பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், பின்னாலே காரில் உட்கார்ந்திருக்கிற மனைவியைத்தான் பார்ப்பேன்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஊழியத்தில் இறங்கிவிட்டார். திங்கள் பஸ் கமிட்டி. செவ்வாய் ஏழைகளுக்கு அரிசி பருப்புக் கட்டுவது. வியாழன் வாக்காளர் பதிவு மேசை. சனி குடியுரிமை வகுப்பு. பூட்டானிலிருந்து அகதியாக வந்த பெரியவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளை உரு ஏற்றுவது. பத்து மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஜெபித்து, படுத்துவிடுவார். சபையில் எல்லாரும் என்னிடம், "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்" என்கிறார்கள். வேறொருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்திருப்பேன். அரிசி மூட்டையையும் வாக்காளர் பட்டியலையும் பிடித்து என்ன செய்வது? அவர் செய்ததில் பொய் இல்லை, அந்தப் பெரியவர்களில் பலர் இன்று குடிமக்கள். ஆனால் வீட்டிலிருந்து ஓடிய கால்தான் அங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் சபையில் குடும்ப ஐக்கியக் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் பேசினார். கொரிந்தியர் ஏழாம் அதிகாரம். மனைவி தன் சரீரத்துக்கு அதிகாரியல்ல, புருஷனே அதிகாரி என்று வாசித்து, சகோதரிகளே மறுக்காதீர்கள் என்று அரை மணி நேரம். வசனத்தின் மறுபாதியை அவர் தொடவே இல்லை. புருஷனும் தன் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதிகாரி என்று அதே மூச்சில் பவுல் எழுதியிருக்கிறார். நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

தேர்தல் அன்று இரவு ஒன்பதரைக்கு வீடு வந்தோம். கார் ஷெட்டின் கதவு இறங்கிவிட்டது, இருவரும் இறங்கவில்லை. கால் அவ்வளவு வலி. இவர் போனில் பஸ் முடிவைப் பார்த்தார். "போய்விட்டது" என்றார். விளக்குத் தானாக அணைந்தது. அந்த இருட்டில் முகம் தெரியாததாலோ என்னவோ, என் வாய் திறந்துகொண்டது. "நான் உங்களுக்கு அலுத்துவிட்டேனா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். கொரோனா சமயத்தில் இரண்டு தடவை முடியாமல் போனதாம். எனக்கு ஞாபகம்கூட இல்லை, தூக்கம் என்று நினைத்திருப்பேன். இவர் அதைச் சர்க்கரை வியாதியின் முடிவு என்று தீர்மானித்து, மூன்றாவது தடவை என்று ஒன்று வராமல் பார்த்துக்கொண்டார். "நீயும் கேட்கவில்லை. உனக்கும் வேண்டாம், நிம்மதி என்று நினைத்தேன்" என்றார். கேட்கவில்லையா! புது நைட்டி போட்டு ஒட்டிப் படுத்தபோது குளிர்கிறது என்று எண்ணி ஹீட்டரைக் கூட்டிவிட்ட மனிதர்.

உபவாசமும் ஜெபமுமாக இருந்துவிடலாம் என்று தேவனிடம் பொருத்தனை பண்ணினாராம். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "இருவரும் சம்மதித்தாலன்றி என்றுதானே எழுதியிருக்கிறது? ஊரெல்லாம் போய் ஓட்டு இருக்கிறது, வந்து போடுங்கள் என்று கூப்பிடுகிறீர்கள். என்னிடம் கேட்டீர்களா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

இவர் அழுதார், அக்கா. இருபத்தெட்டு வருடத்தில் அம்மா செத்தபோது மட்டும் அழுத மனிதர். மாமியாரைச் சொல்கிறேன், நம் அம்மாவை அல்ல.

இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வருகிற 21ஆம் தேதி டாக்டரிடம் போகிறோம். சர்க்கரை இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும். இவர் சாப்பிடுகிற இரத்த அழுத்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கடையில் பொட்டலம் கட்டுகிற அந்த மாத்திரையை இதயத்தைப் பார்த்த பிறகுதான் தருவார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவருக்குக் கூடவே கூடாது. இவருடைய ஒரே நிபந்தனை, என் கடையில் வாங்கக்கூடாது. பக்கத்துக் கவுண்டியில் போய் வாங்கிக்கொள்கிறோம். இன்னொன்றும் சொன்னார்: "உடம்பு ஒத்துழைத்தாலும் உன் அளவுக்கு எனக்கு வேண்டியிருக்காது போலிருக்கிறது." குத்தியது. ஆனால் நாலு வருடத்து மௌனத்தைவிட இந்தக் குத்தலோடு நான் நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை மேசையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். முதல் வியாழன் மாலை ஏழு மணிக்கு இருவரும் வீட்டில். என்ன செய்வதென்று தெரியவில்லை, பெண் பார்க்க வந்தவர் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். புட்டும் பயறும் செய்தேன். பதினாலு மணி நேரம் நின்ற என் கால் இன்னும் வீங்கியிருந்தது. எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டார், முக்கால் மணி நேரம். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. தலையணை இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்த அதிகாரம் வந்தால், நாலாம் வசனத்தின் மறுபாதியையும் வாசி. என் பெயரை இழுக்காதே. உனக்கும் அத்தானுக்கும் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதவேண்டும் என்று தோன்றினால் எழுது. உங்கள் வீட்டிலும் கறுப்பு மை இருக்கும்.

பீச் ஸ்டிக்கர் ஒன்று உறைக்குள் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு. கோயில் அசன விருந்துக்கு எங்கள் பங்கு அரிசிக்குப் பணம் தனியாக அனுப்புகிறேன். கடிதம் ஏன் இவ்வளவு கனம் என்று அம்மா கேட்டால், அந்த நாட்டில் தேர்தல் பெரியது என்று சொல்.

உன் தங்கை