எங்கள் புள்ளியை மறைத்துப் பாருங்கள்

சேலம் மாவட்டத்தில் தொண்டுப் பணிகளுக்கு நிதி வழங்கும் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மலையில் காப்பிப் பழப் பறிப்பு ஓய்ந்து, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கு ஏணி சாத்தும் காலம் இது. இதே நேரத்தில்தான் உங்களிடமிருந்து ஆண்டறிக்கைப் படிவமும் வரும். மார்ச் 31-க்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும்: ‘பயனடைந்தோர் எண்ணிக்கை’. ஏற்காட்டுக்குக் களப்பணிக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்பிவருகிறேன். அதில் எழுதிய எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் எங்கள் வேலை பலித்ததா இல்லையா என்று அந்த எண் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகவேண்டிய ஒரு சிற்றூர். பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு; பின்னால் வரும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்; கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலையின் மக்கள். கொஞ்சம் சொந்த நிலம், மற்ற நாளெல்லாம் எஸ்டேட் கூலி. சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, கர்ப்பிணிகளின் மாதப் பரிசோதனை, மிளகு விற்பனை என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் கூடப் போனோம். மனுவை நாங்களே எழுதினோம். தாலுகா அலுவலகத்தில் நாங்களே பேசினோம். எண் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் எங்கள் களப்பணியாளர் பிரசவ விடுப்பில் போனார். மாற்று ஆள் போட எங்களிடம் பணம் இல்லை. நான்கு மாதம் கழித்து நான் அந்த ஊருக்குப் போனேன். ஒரு வீட்டுக் கூரைச் சட்டத்தில் பிளாஸ்டிக் பை ஒன்று சொருகியிருந்தது. உள்ளே கையெழுத்துப் போட்ட மனுக்கள் அப்படியே இருந்தன. ‘டீச்சரு வந்ததும் குடுக்கலாம்னு வெச்சிருக்கோம்ங்க’ என்றார் அந்த வீட்டு அம்மா. டீச்சர் என்றது எங்கள் களப்பணியாளரை. நிறைமாதமாக இருந்த ஒரு பெண் இரண்டு மாதமாகப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்வது எப்போதும் எங்கள் ஆளின் போனிலிருந்துதான். மிளகு பழையபடி, முன்பணம் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்குப் போயிருந்தது. அந்த ஆண்டுப் படிவத்தில் இவை எதுவும் தெரியவில்லை. முந்தைய மாதங்களின் தலைக்கணக்கே கட்டத்தை நிரப்பிவிட்டது.

அந்தப் பையைப் பார்த்த பிறகுதான் சோஷியல் நெட்வொர்க் அனாலிசிஸ் என்பதைத் தேடிப் படித்தேன். தமிழில் சமூக வலைப்பின்னல் ஆய்வு என்கிறார்கள். ஃபேஸ்புக், வாட்ஸாப் பற்றியது அல்ல. அவையெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முந்தியது. 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் என்ற ஊரில், பெண்பிள்ளைகளுக்கான ஒரு சீர்திருத்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் அடுத்தடுத்து ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர், ஓடியவள் எப்படிப்பட்டவள் என்று ஆராய்வதோடு நிற்காமல், யாருக்கு யார் வேண்டியவர் என்று கேட்டுப் புள்ளியும் கோடுமாக வரைந்தார். யார் யாரோடு பிணைந்திருந்தார்கள் என்பதில்தான் விடை கிடைத்தது. அங்கிருந்து வளர்ந்த துறை இது.

நம் வாசலில் விடிகாலையில் நடப்பதும் இதே வேலைதான்: புள்ளி வைத்து இழை இழுப்பது. ஆள் ஒரு புள்ளி. ஒருவர் இன்னொருவரிடம் போவது ஓர் இழை. கோலத்தில் எல்லாப் புள்ளியும் இழைக்குள் வந்துவிட வேண்டும். இந்தப் படத்தில் இழை சேராத புள்ளிதான் முதலில் கண்ணில் படும்.

நாங்கள் கேட்டது மூன்றே கேள்விகள். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்? ஆபீஸ் காரியம் ஒன்று தெரியாவிட்டால் யாரைக் கேட்பீர்கள்? மிளகு விலை யார் சொல்லித் தெரியும்? பதில்களை பிரௌன் பேப்பரில் வரைந்தோம். நடுவில் எங்கள் புள்ளி. எல்லா வீட்டிலிருந்தும் அதற்குக் கோடு, சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கோடு அபூர்வம். எங்கள் புள்ளியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். ஊர் உதிரி உதிரியாகக் கிடந்தது.

இதற்குக் கறாரான அளவுகள் இருக்கின்றன. 20 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகச் சேர்த்தால் 190 ஜோடி வரும். அதில் எத்தனை ஜோடிக்கு நடுவே நிஜமாகவே கோடு இருக்கிறது என்பது அடர்த்தி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் மிகக் குறுகிய வழிகளில் எவ்வளவு ஒரே ஆளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது என்பது வேறோர் அளவு. 1977-இல் லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் வகுத்துக் கொடுத்தது. எங்கள் ஊர்ப் படத்தில் இந்த இரண்டாவது அளவு முழுக்க எங்கள் தலைமேல் இருந்தது. கெஃபி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் எண்ணாகவே வந்துவிடும். சாதாரண லேப்டாப் போதும். ஆனால் எனக்குப் புரிய வைத்தது கட்டைவிரல்தான்.

வேலையை மாற்றினோம். ‘கூட வாங்கக்கா’ என்று கூப்பிட்டால், போன மாதம் அதே சான்றிதழ் வாங்கிய வீட்டுக்காரரைத் துணைக்கு அனுப்பினோம். 108-க்குப் போன் போட்டு ஊர் அடையாளம் சொல்லும் பழக்கத்தை மூன்று பெண்களுக்கு உண்டாக்கினோம். மிளகு வைத்திருந்த சிலர் சேர்ந்து சேலம் இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக விலை கேட்டுவிட்டு வந்தார்கள். முதல் சில மாதம் கஷ்டமாக இருந்தது. நாங்கள் செய்தால் அரை நாளில் முடிகிற காரியம் அவர்களாகச் செய்ய இரண்டு நாள் பிடித்தது. ஒருவருக்கு நாள்கூலியும் போயிற்று. அவர் என்னிடம் கோபமாகவே பேசினார், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அதே மூன்று கேள்வி. எங்களிடம் வந்த கோடுகள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. வீட்டுக்கு வீடு கோடுகள் பின்னியிருந்தன. நடுவில் வந்து உட்கார்ந்திருந்தவர் மகளிர் குழுத் தலைவி அல்ல, ஊர்க்கவுண்டர் வீட்டாரும் அல்ல. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் பெண். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அவர் கையால்தான் சாப்பிடுகிறார்கள். எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதும் அப்படியே. இத்தனை காலம் அந்தக் கூடத்தின் திண்ணையில் உட்கார்ந்து நான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவரை நான் ஒருநாளும் எதற்கும் அழைத்ததில்லை. ‘எங்கிட்ட என்னங்கக்கா இருக்கு, தெரிஞ்சத சொல்லுவேன், அவ்ளோதான்’ என்றார்.

மறுபடி எங்கள் புள்ளியை மறைத்தேன். ஊர் அப்படியே நின்றது.

அந்த ஆண்டுப் படிவத்தில் பயனடைந்தோர் எண்ணிக்கை குறைந்தது. நாங்கள் நேரடியாகச் செய்துகொடுத்த காரியங்கள் குறைந்துவிட்டனவே! நிதி தந்த நிறுவனம் எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டுத் தொகையைக் குறைத்தது. இரண்டு படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போய் மேசைமேல் விரித்தேன். பொறுமையாகப் பார்த்த அதிகாரி, ‘நல்லாத்தான் இருக்கு மேடம், இத எந்தக் கட்டத்துல போடறது?’ என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதை உண்டாக்க உங்களால்தான் முடியும்.

பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. 2021-இல் திருத்திய விதிகளின்படி, மூன்று ஆண்டுச் சராசரியில் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனம், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலுமான திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். மலையில் வேலை செய்யும் சிறு அமைப்புகளின் திட்டம் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அதனால் எங்களிடம் யாரும் தாக்கத்தைக் கேட்பதில்லை. தலையை எண்ணிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

இது மலைமேல் இருக்கும் ஒருத்தியின் ஆசை மட்டும் அல்ல. பக்கத்துக் கர்நாடகத்தில் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்ளோ, மேத்யூ ஜாக்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 75 கிராமங்களில் யார் யாரிடம் கடன் கேட்கிறார்கள், யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று திரட்டினார்கள். அவற்றில் 43 கிராமங்களில் ஒரு நுண்கடன் நிறுவனம் நுழைந்தது. அது முதலில் தகவல் சொன்னது ஆசிரியர், கடைக்காரர், சுய உதவிக் குழுத் தலைவி போன்றவர்களுக்கு. அந்த ஆட்கள் வலைப்பின்னலின் நடுவே இருந்த ஊர்களில் கடன் திட்டத்தில் அதிகம் பேர் சேர்ந்தார்கள். ஓரத்தில் இருந்த ஊர்களில் குறைவு. 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு சேதி ஊரில் பரவுமா என்பதை முதலில் அது யார் காதில் விழுகிறது என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. நாமோ ஒவ்வொரு திட்டத்தையும் மேடைக்கு வந்து நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். சத்துணவுக் கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கோடு கூடினால் நல்லது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு ‘கோடுகளின் எண்ணிக்கை’ என்று இன்னொரு கட்டம் போட்டுவிடாதீர்கள். 12 பேர் கொண்ட மகளிர் குழுவில் எல்லாரும் ஒரே தெரு, பாதிப்பேர் பங்காளி வீடு. அவர்களுக்குள் இன்னொரு கோடு வருவதால் புதிதாக ஒன்றும் தெரியவராது. அதே குழுவில் ஒருத்திக்கு, ஊருக்கு வெளியே, இ-சேவை மையத்துப் பெண்ணோடு முகப்பழக்கம் ஏற்பட்டால் 12 வீட்டுக்கும் வழி திறக்கிறது. நெருங்கியவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் வெளியுலகச் சேதி வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே எழுதினார். அமெரிக்காவில் வேலை தேடியவர்களை வைத்துச் சொன்னது, எங்கள் மலைக்கும் பொருந்துகிறது.

கோடெல்லாம் துணையும் அல்ல. முன்பணம் கொடுத்து மிளகைக் கொடியிலேயே பேசி முடிப்பவருக்கும் ஏகப்பட்ட கோடு போகிறது. கடனில் கட்டுண்ட கோடு அது. எங்கள் முதல் படத்தில் அவர் பெரிய புள்ளியாக இருந்தார். படத்தை மட்டும் பார்த்தால் ஊருக்கு உபகாரி என்று தோன்றும். ‘யாரிடம் போவீர்கள்’ என்பதோடு ‘அவரை விட்டால் வேறு யார்’ என்றும் கேட்டபோதுதான் பல வீடுகளில் பதில் இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் படம் மட்டும் போதாது என்கிறேன். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்க ஒரு ஆளும் வேண்டும், ஒரு சாயங்காலமும் வேண்டும்.

பெயரை எழுதாத காரணத்துக்கு வருகிறேன். எங்கள் கை செய்த தப்பு அது. இன்னொரு ஊரில், எல்லாரையும் காப்பி காயப்போடும் களத்தில் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு காப்பிக்கொட்டை வைத்து, கோலமாவால் கோடு போடச் சொன்னோம். உற்சாகமாகத்தான் நடந்தது. கடைசியில் ஒரு கொட்டைக்கு மட்டும் எந்தப் பக்கமிருந்தும் கோடு இல்லை. அந்தக் கொட்டைக்குரிய பெண் அங்கேயே, இரண்டாவது வரிசையில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி கையை நீட்டித் தன் கொட்டையை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வீடு வீடாகத் தனியாகத்தான் கேட்கிறோம். படத்தில் பேர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் உங்கள் அலுவலகத்துக்கும் வராது. கேட்டாலும் தர மாட்டோம். யார் யாரை நம்புகிறார், யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பது அந்த வீட்டுச் சங்கதி.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய தொகைகள் அல்ல. திட்டம் தொடங்கும்போது ஒரு படம், இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்விகளோடு இன்னொரு படம். இரண்டாவது படத்துக்கான செலவை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலும் அதற்குள் திட்டமே முடிந்துவிடுகிறது. சாம்பிள் எடுத்துக் கேட்பது இதில் சரிவராது. பத்து வீட்டில் மூன்றை விட்டால் அந்த மூன்று வழியாகப் போன கோடுகள் எல்லாம் அறுந்து, படமே வேறு ஊராகிவிடும். குழுவில் எல்லாரையும் கேட்க வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களையும் போனிலாவது பிடிக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை பறிப்பு. விடிந்தால் எஸ்டேட், இருட்டினால் அடுப்படி. மார்ச்சில் அறிக்கை வேண்டும் என்று அந்த மாதங்களில் சர்வே எடுக்கச் சொன்னால், வீட்டில் இருக்கும் வயதானவர்களின் படம்தான் உங்களுக்குக் கிடைக்கும். கணக்கு முடிக்கும் தேதியை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். படத்துக்கான தேதியை மட்டும் சித்திரைக்குத் தள்ளி வையுங்கள்.

படிவத்தில் அந்த ஒரு வரியையும் சேருங்கள்: ‘உங்கள் அமைப்பை எடுத்துவிட்டால் எந்தெந்தக் கோடுகள் மிஞ்சும்?’ எண்ணிக்கை குறைந்ததற்காக எங்கள் தொகையைக் குறைப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். எல்லாக் கோடும் எங்களால்தான் வந்தது என்று நான் உரிமை கொண்டாடவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் போட்ட கோடு உண்டு, பள்ளி ஆசிரியர் போட்டது உண்டு, கல்யாணத்தால் வந்தது உண்டு. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று அந்தந்த வீட்டில் கேட்டு எழுதித் தருகிறோம்.

மிளகு காய்ந்து மூட்டை கட்டியதும், சித்திரை இரண்டாவது வாரத்தில் வாருங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் கொஞ்ச தூரம் நடை. எண் போட்ட படங்களை விரித்து வைத்திருப்போம். ஊர்ப் பெண்கள் முதலில் பேசட்டும், பிறகு நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மலைக் கிராமங்களில் களப்பணி செய்யும் ஒருத்தி