புகைமூட்டத்துக்குக் கடிதம் எழுதுகிறோம், மருந்தடிப்புக்கு யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைமூட்டம் பற்றி நம் பத்திரிகையில் வரும் கடிதங்களை விடாமல் படிக்கிறேன். 2013-இல் நம் மலேசியாவின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்ததையும், 2019-இல் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் எவனோ ரசாயனக் கழிவைக் கொட்டி, ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்கு ஓடி, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடியதையும் யாரும் மறக்கவில்லை. புகை கண்ணுக்குத் தெரிகிறது, நாடே இருமுகிறது, அதனால் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் வருஷம் பூராவும் களைக்கொல்லி மருந்தடிக்கிறார்களே, அவர்கள் உடம்புக்குள் இறங்குகிற விஷத்தைப் பற்றி ஒரு வரியாவது வருகிறதா?

என் அம்மா மருந்தடித்தவர். அந்த வேலை எப்படி நடந்தது என்று தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு, டிரம்மில் தண்ணீரையும் மருந்தையும் ஊற்றி, கையில் கிடைத்த குச்சியால் கலக்கி, சார்டின் டின்னில் மொண்டு முதுகுப் பம்ப்பில் நிரப்புவார்கள். பம்ப்பின் மூடி சரியாக மூடாது. குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து முதுகில் வழியும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தத் துண்டும் நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடும் வாயோடும் ஒட்டிவைத்துக்கொண்டுதான் இருக்கும். தேத்தண்ணி நேரத்தில் கான் என்கிற சாக்கடைத் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு அதே கையால் ரொட்டி, அதே கையால் வெற்றிலை. சாயந்திரம் அந்தச் சட்டை எங்கள் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறும். அம்மாவின் கைநகங்களில் முதலில் வெள்ளைக் கோடு விழுந்தது, அப்புறம் மஞ்சளானது, இரண்டு விரலில் நகம் கழன்றே வந்துவிட்டது. மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடிப்பார். கிளினிக்கில் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நகம் கழல்வதும் மூக்கில் ரத்தம் வருவதும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறவர்களிடம் மருத்துவர்கள் எப்போதோ பார்த்து எழுதிவைத்த அறிகுறிகள். அந்த மருந்து ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, முறிவு மருந்து கிடையாது. ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய்ச் சேர்ந்து, அங்கேயுள்ள ஆக்ஸிஜனையே உடம்புக்கு எதிராகத் திருப்பி, நுரையீரலை நார்நாராக இறுக வைத்துவிடும். மூச்சுத் திணறுகிற நோயாளிக்கு ஆக்ஸிஜன் கொடுக்கவே டாக்டர்கள் யோசிக்க வேண்டிய விஷம் அது. சுவிட்சர்லாந்து 1989-லேயே அதைத் தடை செய்துவிட்டது. தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும் அதை நடத்திய ஐரின் பெர்னாண்டஸும் தோட்டத்து மருந்தடிப்புப் பெண்களின் நிலையை 2002-இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டார்கள். அதே வருஷம் நம் நாட்டிலும் தடை வந்தது. சரி, விடிந்தது என்று நினைத்தால் 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள். முழுத்தடை 2020 ஜனவரி 1-இல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் போன பதின்மூன்று வருஷமும் அதை முதுகில் சுமந்தவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

இப்போதுதான் தடை வந்துவிட்டதே என்கிறார்கள். பாராகுவாட் போனது, கிளைஃபோசேட், குளுஃபோசினேட் என்று வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. கிளைஃபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று வேறு சில நாட்டு அதிகாரிகள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஒழுங்காக என்றால் கையுறை, முகக்கவசம், ஒழுகாத பம்ப், காற்றின் போக்கைப் பார்த்து அடிப்பது, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர். இத்தனையும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மத்தியான வெயிலில் அந்த ரப்பர் கையுறையோடு ஒரு நிரை நடந்து பார்த்தால் ஏன் கழற்றிப் போடுகிறார்கள் என்று புரியும். வியர்வையில் நனைந்த தோல் மருந்தை இன்னும் சுலபமாக உள்ளே விடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நம் ஆட்களின் நோய் எங்கேயும் பதிவாவதில்லை. ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் வேலையிடங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிமுறை இருக்கிறது. ஆபத்தை மதிப்பிட வேண்டும், பயிற்சி தர வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவக் கண்காணிப்பு செய்து அந்தப் பதிவேட்டை 30 வருஷம் வைத்திருக்க வேண்டும். முப்பது வருஷம்! இந்த நோய்கள் அவ்வளவு தாமதமாகக்கூட வெளியே வரும் என்று தெரிந்துதானே அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்று மருந்தடிப்பு நிறைய இடங்களில் குத்தகையாளர் கையில். ஆறு மாதம் ஒருவர், அப்புறம் வேறொருவர். அவரிடம் போய் அம்மாவின் பதிவேடு எங்கே என்று யார் கேட்பது? வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து அந்தப் பம்ப்பைத் தூக்குகிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் அவர்கள் நோயும் கூடவே போய்விடும், இங்கே ஒரு தாளும் மிஞ்சாது.

அதனால் இன்னமும் இந்த வேலைக்குப் போகிற அக்கா, அண்ணன்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்து டப்பாவின் லேபலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குப் போனால் டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன மருந்து என்று நீங்களே சொல்லி, அதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய்க்கு சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், இழப்பீடு கேட்க வழியிருக்கிறது, ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் அங்கே நிரூபிப்பது பெரும்பாடு.

தாமான்வாசிகளும் இதில் சேர்த்திதான். மளிகைக் கடையில் மினரல் பாட்டிலில் புல் மருந்தை ஊற்றி விற்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். லேபல் இல்லை, பெயர் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தால் தாகத்தில் ஒரு பிள்ளை எடுத்துக் குடிக்க எவ்வளவு நேரமாகும்? குடித்துவிட்டால் என்ன விஷம் என்று டாக்டருக்குச் சொல்லக்கூட நமக்குத் தெரியாது. தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள், விற்கிறவரையும் நேரிலேயே கண்டியுங்கள்.

ஆசிரியர் அவர்களே, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. விஷம் சம்பந்தமாகப் போனில் ஆலோசனை சொல்வார்கள். தோட்டத்தில் விசாரித்துப் பாருங்கள், பத்தில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்காது. அந்த மையத்தின் தொலைபேசி எண்ணையும், லேபலில் இருக்கும் வண்ணப் பட்டை எதற்கு, எது அதிக விஷம் என்ற விளக்கத்தையும் மாதம் ஒருமுறை பத்திரிகையின் ஒரு மூலையில் தமிழில் போடுங்கள். வெட்டி எடுத்து மருந்துக் கொட்டகைக் கதவில் ஒட்டுகிற வேலையை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தடித்தவரின் மகள்,
சுங்கை சிப்புட், பேரா.