பாப்பாவுக்கு, வண்டிச் சாவி விஷயமாக

பாப்பா,

நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். போனில் பேசலாம் என்றால் நீ "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி. முழுக்க வண்டி விஷயம்தான், வேறொன்றும் கேட்கப் போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் மறந்துவிடுவேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்டீரிங் பக்கம் ஸ்குரூடிரைவரைக் கொண்டு போகாதே. உன் ஸ்டீரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. கழற்றின பிறகும் ஒரு பத்து நிமிஷம் சும்மா விடு. அதன் யூனிட்டுக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கி நிற்கும், அது வடியட்டும்.

சரி, இப்போது கோளாறு எங்கே என்று பார்ப்போம். வீடியோவில் செல்ஃப் நன்றாக எடுக்கிறது, இன்ஜினும் பிடிக்கிறது, சாவியை விட்டதும் டப்பென்று அடங்கிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது, புதுசு போடணும் என்று அங்கே ஒருத்தர் சொன்னதாக எழுதியிருந்தாய். பேட்டரி போயிருந்தால் செல்ஃப் இந்த வேகத்தில் சுற்றுமா? டக் டக் என்று தட்டிவிட்டு நின்றிருக்கும். தனியாக ஒரு பெண் வந்து நின்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் பேட்டரிதான் ஞாபகத்துக்கு வரும். தனியாகத்தான் போனாயா?

சாவி போடுகிற இடத்தில், அதாவது இக்னிஷன் ஸ்விட்சில், லாக், ஏசிசி (இன்ஜின் இல்லாமல் ரேடியோ மாதிரி சிலது மட்டும் ஓடுகிற நிலை), ஆன், ஸ்டார்ட் என்று நாலு நிலை இருக்கிறது. ஸ்டார்ட்டில் பிடித்திருக்கிற வரைக்கும் ஒரு காண்டாக்ட் வழியாக இன்ஜினுக்குக் கரண்ட் போகும். விட்டதும் ஸ்பிரிங் சாவியை ஆனுக்குத் தள்ளிவிடும். அந்த ஆன் காண்டாக்ட் தேய்ந்தோ கருகியோ போயிருந்தால் கரண்ட் அங்கே அறுந்துவிடும், இன்ஜின் நின்றுவிடும். டெப்போவில் இருந்த காலம் முழுக்க இந்த மாதிரி பார்த்துப் பார்த்துக் கண் பழகியது, இதில் நான் தப்பமாட்டேன். ஆனாலும் பிடித்து உடனே அடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இம்மொபிலைசர். சாவித் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அதை வண்டி படிக்க முடியாமல் போனாலும் சில வண்டிகள் ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும். அந்தச் சந்தேகம் தீர சுலபமான வழி ஸ்பேர் சாவியைப் போட்டுப் பார்ப்பது. அதனால்தான் உடனே ஸ்பேரைப் போடு என்றேன். "ஸ்பேர் என்கிட்ட இல்லப்பா" என்றாய். மாப்பிள்ளையிடம் இருக்கும், வாங்கிப் போட்டுப் பார் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்பேர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம், பரவாயில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாவியை விட்டதும் டேஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒரே அடியாக அணைகிறது. இம்மொபிலைசர் என்றால் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் கண் சிமிட்டும். அப்புறம் நீ சாவியை லேசாக இந்தப் பக்கம் தள்ளியதும் விளக்கெல்லாம் மறுபடி வந்தது, இல்லையா? அது ஸ்விட்ச்தான். ஸ்விட்சேதான்.

நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் வேறு சிலதும் கண்ணில் பட்டது. அது உங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங் இல்லை. அங்கே தூணில் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். இது திறந்த வெளி, பின்னால் ஸ்கூட்டி வரிசையாக நிற்கிறது, ஒரு போர்டில் பாதி எழுத்து தெரிகிறது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எடுத்திருக்கிறாய். அது எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

சாவிக்கொத்தைப் பற்றி மட்டும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அது வண்டி விஷயம். அவ்வளவு கனமான கொத்தைச் சாவித் துவாரத்தில் தொங்க விடலாமா? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ல் ஏறக்குறைய 26 லட்சம் சின்ன கார்களைத் திரும்ப வரவழைத்தது, எதற்கு? இந்த ஸ்விட்ச்சுக்குத்தான். உள்ளே சாவியை ஆனில் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்குக்குப் போதுமான அழுத்தம் இல்லை. கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ சாவி தானாக ஏசிசிக்கு நழுவிவிடும். ஓடுகிற வண்டியில் இன்ஜின் நின்று, மோதும்போது ஏர்பேக்கும் விரியாமல், 124 பேர் செத்திருக்கிறார்கள். நஷ்ட ஈட்டுக்காகக் கம்பெனி வைத்த நிதியே ஒப்புக்கொண்ட கணக்கு அது. 2015-ல் 90 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். சரி செய்கிற வரைக்கும் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் சொன்ன முக்கியமான அறிவுரை, கொத்தை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்கள் என்பதுதான். உன் வண்டியில் அந்தத் தப்பு இல்லை, அது வேறு கம்பெனி, வேறு ஸ்விட்ச். ஆனால் கனம் கனம்தானே. உன் கொத்தில் வண்டிச் சாவி, நம்ம வீட்டுச் சாவி, அந்த வீட்டுச் சாவி, இது மூன்றும் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நான் பார்க்காத சாவி. ஒன்று பீரோச் சாவி மாதிரி தெரிகிறது, ஒன்று நம்ம ஊர்ப் பூட்டின் பித்தளைச் சாவி. பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர் பிள்ளைக்குச் சாவியைப் பார்த்தால் தெரியாதா? 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நீதான் எனக்கு முதலில் போன் பண்ணிச் சொன்னாய், தாத்தா இருந்திருந்தால் என்று. அப்படியெல்லாம் ஓயாமல் போன் பண்ணுகிற பிள்ளை.

கொத்தைப் பிரி. வண்டிச் சாவியைத் தனியாக வை. அதுதான் நான் சொல்ல வந்தது.

அப்புறம், ஸ்விட்ச் மாற்றுகிற வரைக்கும் வண்டியை எடுக்காதே. மீறி எடுத்து நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிட்டால் பதறக்கூடாது. ஸ்டீரிங் கல்லாகிவிடும், ஆனால் திரும்பும், ரெண்டு கையாலும் அழுத்தித் திருப்பு. பிரேக்கை லேசாக மிதிக்க வைக்கிற வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும், விட்டு விட்டு மிதித்தால் தீர்ந்துபோகும், ஒரே மிதியாக அழுத்திப் பிடி. நியூட்ரல் போட்டு, ஹசார்ட் விளக்கைப் போட்டு (அது பேட்டரியில் இருந்து நேராக வருவது, எரியும்) இடது ஓரம் ஒதுங்கு. என்ன ஆனாலும் வண்டி ஓடும்போது சாவியை லாக் வரைக்கும் திருப்பிவிடாதே, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். இந்த வண்டியை வைத்துக்கொண்டு ராத்திரி எங்கே போக வேண்டியிருக்கிறது, ஆட்டோ கிடைக்காதா?

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. நம்ம பழைய மாருதி எண்ணூறில் மாற்றும்போது நீதான் டெஸ்ட் லேம்ப் பிடித்தாய், காலேஜ் முதல் வருஷம். ஒயர்களை ஸ்விட்சோடு இணைக்கிற கப்ளரை நான் ஒயரைப் பிடித்து இழுக்கப் போனபோது "அப்பா, லாக்கை அமுக்கணும்" என்று சொன்னது நீ. எலக்ட்ரீசியனுக்கே சொல்லிக்கொடுக்கிறாள் என்று டெப்போ முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவ்வளவு தெரிந்த பிள்ளை ராத்திரியில் போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தன் பேட்டரி என்று சொன்னதைக் கேட்டு நிற்கிறாய்.

நீ மாற்ற வேண்டியது பின்பக்க ஸ்விட்ச் மட்டும். சாவி நுழைகிற சிலிண்டரைத் தொடாதே. சிலிண்டரோடு சேர்த்து முழு செட் மாற்றினால் சாவி மாறும், சிப்பை மறுபடி வண்டிக்குப் பழக்க வேண்டும், ஸ்டீரிங் லாக்கைப் பிடித்திருக்கிற போல்ட் தலை உடைந்த போல்ட், அதை டிரில் பண்ணித்தான் எடுக்க முடியும். அதெல்லாம் நமக்கு வேண்டாம். பின்பக்க ஸ்விட்ச் என்றால் இப்போது இருக்கிற சாவியே போதும், ஒருத்தரிடமும் போய் எதையும் கேட்டு நிற்க வேண்டாம்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்று, டெர்மினலைத் துணியில் சுற்றி ஒதுக்கி வை. ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் கவரில் அடியில் இருந்து ஸ்குரூ இருக்கும், அதை எடுத்துக் கவரை மெதுவாகப் பிரி, ஓரத்தில் கிளிப் இருக்கும், உடைத்துவிடாதே. சாவிக்கு நேர் பின்னால் ஒயர் கற்றை போய்ச் சேர்கிற வெள்ளைத் துண்டுதான் ஸ்விட்ச். கப்ளரைக் கழற்றினதும் அவசரப்படாமல் டார்ச் அடித்து அதன் பின்களைப் பார். எல்லாம் வெள்ளையாக இருக்கிற இடத்தில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுப்பாகி, லேசாக இளகி உப்பியிருக்கும், முகர்ந்தால் கருகின வாடை தெரியும். அப்படி இருந்தால் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் பத்தாது, கப்ளருக்குள் இருக்கிற அந்த டெர்மினலும் தளர்ந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது ஸ்விட்சும் சூடாகிக் கருகும். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதற்கு மேல் நீ ஒன்றும் செய்யாதே, நான் சொல்கிறேன்.

கறை இல்லை என்றால் பழைய ஸ்விட்சைப் பிடித்திருக்கிற சின்ன ஸ்குரூவைக் கழற்றி எடு. சிலிண்டரின் நாக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, புதுசின் பள்ளத்தையும் அதே பக்கம் திருப்பிப் பொருத்து. கவரை மூடுவதற்கு முன்னாலேயே நெகட்டிவை மாட்டி நாலு நிலையிலும் சாவியைப் போட்டுப் பார், சாவியை ஆட்டிப் பார், ஸ்டீரிங் லாக் விழுகிறதா விடுகிறதா பார். சாவித் துவாரத்தில் எண்ணெய் விடாதே. தாத்தா பட்டறையில் வாரத்துக்கு ஒருத்தனாவது தேங்காய் எண்ணெய் விட்ட பூட்டைத் தூக்கிக்கொண்டு வருவான், தூசி ஒட்டிக் களியாகி நிற்கும். கிராஃபைட் தூள்தான் போட வேண்டும். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்று என்று சொன்னேனா?

மீட்டர் இருந்தால், கவரைப் பிரித்த பிறகு நெகட்டிவை மாட்டி, ஸ்விட்சைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பார்க்கலாம், அளந்ததும் நெகட்டிவை மறுபடி கழற்றிவிடு. ஸ்விட்சுக்கு வருகிற ஒயரில் பன்னிரண்டரை வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஆனில் வைத்தால் வெளியே போகிற ஒயரிலும் ஏறக்குறைய அதே காட்ட வேண்டும், அது குறைந்தாலோ ஆடினாலோ ஸ்விட்ச் போச்சு. நான் கொடுத்த மஞ்சள் மீட்டர் உன்னிடம் இருக்கிறதா, அதுவும் அங்கேயே இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும், இங்கே இன்னொன்று இருக்கிறது.

வண்டி எடுக்கும்போது பத்திரத்தில் உன் பேர்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது உங்கள் அத்தைக்குப் பிடிக்கவில்லை, உனக்கும் அப்போது சங்கடமாகத்தான் இருந்தது. ஆர்சி உன் பேரில் இருக்கிறது பாப்பா. வண்டி உன்னுடையது. ஸ்பேர் சாவியும் உன்னுடையதுதான். கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால் கொடுப்பார்கள், நீ கேட்க வேண்டாம் என்றால் நான் கேட்கிறேன், எதுவும் விசாரிக்காமல் சாவியை மட்டும் கேட்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான், எழுதினதைப் பற்றிப் பேச்சில்லை. மாடி ரூமில் பெயிண்ட் அடித்தாயிற்று, பழைய சாமானை எல்லாம் ஒதுக்கிவிட்டேன், இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. அம்மா கேட்டால் வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொல்கிறேன், நீ ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன் போட்டு ரசம் எப்படி வைப்பது என்றாவது கேள்.

ஸ்விட்ச் வாங்கிவிட்டேன். பார்ட் நம்பரை வண்டியின் வருஷத்தோடு ஒத்துப் பார்த்து, பின் எண்ணிப் பார்த்து வாங்கினது. ஜெனரல் மோட்டார்ஸில் 2006-ல் ஸ்விட்சை மாற்றிவிட்டு நம்பரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள், எது பழசு எது புதுசு என்று தெரியாமல் வருஷக்கணக்கில் குழம்பினார்கள், அதனால் நான் கடைக்காரனை விடவில்லை. நேற்று கூரியர் ஆபீஸ் வரைக்கும் போய் அட்ரஸ் எழுதப் பேனாவை எடுத்தேன், பழைய அட்ரஸை எழுத மனசு வரவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். உனக்கு நேரம் இல்லை என்றால் வெள்ளிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியக்காலை எழும்பூரில் இறங்கி நானே மாட்டிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். வண்டி நிற்கிற இடத்திலேயே வேலை முடிந்துவிடும், நீ என்னை உள்ளே கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை.

இப்போது வண்டி எங்கே நிற்கிறதோ அந்த இடத்து லொக்கேஷனை அனுப்பு. கூரியர் என்றால் பின்கோடும் வேண்டும்.

அப்பா